ஞாயிற்றுக்கிழமைகளில் வராத ஒற்றன்

குவாண்டம் ஆராய்ச்சிக்காக இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன என்று பத்திரிகையில் ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், என்னோடு வேலை பார்த்தவர்களில் யாராவது ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டுவிடுவார். "ரோஸ்லெட் மேடம், பேப்பர் பாத்தியளா? நம்ம ஐஸ் மெஷின் கதைய எழுதி வையுங்க. நீங்க எழுதல்லன்னா வேற ஆளு தப்பா எழுதிருவான்" என்பார்கள். வேலையில் இருந்தவரை நேரமில்லை என்று சொல்லித் தப்பித்தேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. சொல்லச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

நான் அரசுத் தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்தவள். சொந்த ஊர் புதுக்கடை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செம்புக் கம்பியில் படித்து, வேலைக்கு வந்த பிறகு கண்ணாடி இழைக்கு மாறிய தலைமுறை எங்களுடையது. தலைமயிர் போன்ற ஃபைபரை வெட்டி, துடைத்து, இரண்டு நுனிகளையும் ஒட்டவைக்கப் பழகும்வரை கை நடுங்கும். பழகிய பிறகு பேசிக்கொண்டே செய்யலாம். அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமாக நான் படித்தது எங்கள் கோட்டப் பொறியாளர் சிவதாணு சாரிடம். நாகர்கோவில்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் என்ன புகார் கொண்டுவந்தாலும் குறுக்கிடாமல் முழுதும் கேட்பார். பிறகு, "அப்ப நீங்க சொல்லுகது இதுதான், இல்லியா?" என்று அதையே தன் வார்த்தைகளில் திருப்பிச் சொல்வார். எதிரே இருப்பவர் ஆமாம் என்ற பிறகுதான் பதில். பாதிப் புகார்கள் அந்த இடத்திலேயே முடிந்துபோகும். தான் சொன்னது அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது, அது அவ்வளவு சரியில்லை என்று சொன்னவருக்கே தெரிந்துவிடும்.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது நான் மேற்குக் கடற்கரைப் பகுதிக்குப் பொறுப்பில் இருந்தேன். கரையோரச் சாலையைக் கடல் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. அதற்கடியில் இருந்த எங்கள் கேபிளும் போயிற்று. ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்குக் கணவனோ மகனோ வளைகுடாவில். அங்கிருந்து கூப்பிட்டால் மணி அடிப்பதே இல்லை. உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் அங்கே அவர்கள் தவித்தார்கள். மறுபடி சாலை போட்டு, குழி தோண்டி, குழாய் பதிக்க நேரமில்லை. சிவதாணு சார் வந்து பார்த்தார். "மொதல்ல பேச்சு வரட்டும். அழகு பொறவு பாப்போம்" என்றார். ஊர் முகப்பில் ஒரு கட்டடத்தின் பின்சுவர் மட்டும் அசையாமல் நின்றது. அந்தச் சுவரோடு இரும்புக் குழாயை ஆணி அடித்துப் பிடித்து, அதற்குள் புதிய கேபிளைக் கொண்டுபோனோம். தொலைபேசி எக்சேஞ்சில் லைன் வந்ததும் முதலில் பேசியவர் அந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரியான பிலோமி அக்கா. மஸ்கட்டில் இருந்த கணவரிடம், "எல்லாரும் இருக்கோம்" என்று இரண்டு சொல் சொன்னார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டார். மீதியை நான் சொன்னேன். இன்றைக்கு அதே நிலை வந்தாலும் அந்தச் சுவரில்தான் ஆணி அடிப்பேன்.

கதை இதற்குப் பல வருடம் கழித்து நடக்கிறது.

நம் அரசாங்கமும் ஓர் ஐரோப்பிய அரசாங்கமும் சேர்ந்து குவாண்டம் தகவல்தொடர்பில் ஒரு கூட்டுச் சோதனை நடத்த முடிவு செய்தன. எந்த நாடு என்று நான் எழுதப்போவதில்லை. இடையில் ஒரு மனக்கசப்பு நடந்தது. அது நல்லபடியாக முடிந்தும் விட்டது. பெயர் எதற்கு? அவர்கள் செய்த கருவி அவர்கள் ஊர்க் குளிரில் நன்றாக ஓடியது. வெயிலிலும் உப்புக்காற்றிலும் மழையிலும் ஓடுமா என்று பார்க்க வேண்டும். யாரும் பயன்படுத்தாத ஓர் இழை, மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரை போகிற இழை, அவர்களுக்குத் தேவைப்பட்டது. தக்கலை எக்சேஞ்சிலிருந்து புதுக்கடை வழியாகக் கடற்கரை எக்சேஞ்ச் வரை எங்களிடம் அப்படி ஒன்று சும்மா கிடந்தது. சோதனை முடிந்ததும் கடற்கரையிலேயே இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட வேண்டும். அந்த அறிக்கை நன்றாக இருந்தால்தான் ஒப்பந்தம் நீளும்.

கருவியோடு வந்தவர் டாக்டர் ஹன்னா. என் வயதுதான் இருக்கும். முதல் நாளே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார். நாம் சாதாரணமாக ஃபைபரில் அனுப்புவது ஒளி வெள்ளம். இந்தக் கருவி ஒளியைத் துகள் துகளாக, ஒவ்வொன்றாக அனுப்பும். அந்தத் துகள்களை வைத்து இரண்டு முனைகளிலும் ஒரே ரகசியச் சாவி உருவாகும். வழியில் எவராவது ஒட்டுக்கேட்கத் துகளைத் தொட்டால் அதன் நிலை மாறிவிடும். திரையில் ஒரு எண் இருந்தது. அதைப் பிழை எண் என்பார்கள். யாராவது தொட்டால் அந்த எண் எகிறும்.

"நீங்களே தொட்டுப் பாருங்கள்" என்றார். இழையை விரலில் லேசாக வளைத்தேன். எண் தாவியது. விட்டேன். இறங்கியது. மறுபடி வளைத்தேன். சின்னப் பிள்ளை போல இருவரும் சிரித்தோம்.

வேலை தொடங்கும் முன் இழை போகும் தடம் முழுவதையும் இரு நாட்டு ஆட்களும் சேர்ந்தே சோதித்தோம். எக்சேஞ்சிலிருந்து ஒளித்துடிப்பை அனுப்பி, அது எங்கெங்கே மோதித் திரும்புகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு இணைப்பும் திரையில் ஒரு சிறு படியாகத் தெரியும். பிறகு அந்த இடத்துக்கே நேரில் போவோம். இணைப்புப் பெட்டியைத் திறந்து, இழைகளைப் பார்த்து, படமெடுத்து, மூடி, இரண்டு முத்திரை வைப்போம். ஒன்று எங்களுடையது, ஒன்று அவர்களுடையது. இரண்டும் உடையாமல் அந்தப் பெட்டியை யாரும் திறக்க முடியாது. இதில் எனக்குத் துணை லைன்மேன் வின்சென்ட். கடற்கரை ஊர்க்காரர். கடற்கரை எக்சேஞ்சின் சாவி அவரிடம்தான் இருக்கும்.

முதல் ஞாயிறு கருவியை ஓடவிட்டோம். எண் நாள் முழுக்கத் தாழ்ந்தே இருந்தது. திங்களன்று காலை எகிறியது. கொஞ்ச நேரத்தில் இறங்கியது. செவ்வாயன்று மதியம் எகிறியது. புதனன்று இரண்டு முறை. எந்த நேரம் வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல முடியவில்லை. வெயில் சூட்டால் என்றால் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அதைக் கருவியே சரிசெய்துகொள்ளும். இது அப்படியில்லை. யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்ததுபோலத் திடீரென்று வந்தது. அடுத்த ஞாயிறு ஒன்றுமில்லை. திங்கள் மறுபடி தொடங்கியது.

ஒளித்துடிப்பு அனுப்பிப் பார்த்தோம். தடத்தில் புதிதாக எதுவும் இல்லை. முத்திரைகள் எல்லாம் அப்படியே இருந்தன. சாதாரண இணையமும் தொலைபேசியும் அதே கேபிளின் மற்ற இழைகளில் ஒரு குறையும் இல்லாமல் ஓடின.

இரண்டு நாட்டு அதிகாரிகளும் நாகர்கோவிலில் வந்து இறங்கினார்கள். அவர்கள் தரப்பில் வந்தவரை ஹென்ரிக் என்று வைத்துக்கொள்வோம். உயரமான, சிரிக்காத மனிதர். நம் தரப்பில் டெல்லியிலிருந்து ஓர் இணைச் செயலாளர். விருந்தினர் மாளிகையில் கூட்டம் நடந்தது. ஹென்ரிக் வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"இந்தப் பிழை ஞாயிறுகளில் வருவதில்லை. பகலில் மட்டுமே வருகிறது. இயற்கைக்கு வாரவிடுமுறை கிடையாது. அரசாங்க ஊழியருக்குத்தான் உண்டு."

சிவதாணு சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவருக்கே உரிய முறையில் கேட்டார்.

"அப்படியானால் நீங்கள் சொல்வது இதுதான், இல்லையா? என் துறையில் வேலை பார்க்கும் ஒருவர், உங்கள் முத்திரையை உடைக்காமல், திங்கள் முதல் சனி வரை அலுவலகம் வந்து, இரண்டு அரசாங்கங்களின் கம்பியை ஒட்டுக்கேட்கிறார்."

ஹென்ரிக் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. "அதை மறுக்க எனக்கு ஒரு காரணம் வேண்டும்" என்றார். "ஒரு வாரம் தருகிறேன். அதற்குள் காரணம் கிடைக்கவில்லை என்றால், திட்டத்தை நிறுத்தச் சொல்லி எழுதுவேன்."

கூட்டம் கலைந்த பிறகு டெல்லி அதிகாரி எங்களைத் தனியே கூப்பிட்டார். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். வின்சென்டைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டால் அவர்களுக்குக் கொஞ்சம் திருப்தியாக இருக்குமே என்றார். சிவதாணு சார் அதையும் முழுதாகக் கேட்டார். "காரணம் இல்லாம ஓர் ஆள அனுப்பினா, காரணம் கெடைக்கும்போது நாம எல்லாருக்க முன்னாலயும் தலகுனிஞ்சு நிக்கணும் சார்" என்று மட்டும் சொன்னார். வின்சென்ட் இனி ஹன்னாவும் நானும் இருக்கும்போது மட்டும் எக்சேஞ்சுக்குள் இருக்கலாம் என்று முடிவாயிற்று.

வின்சென்டிடம் அதை நான்தான் சொன்னேன். "மேடம், நான் ஒட்டுக்கேக்குகேன்னா சொல்லுகினும்? எனக்கு எனக்க வீட்டுல பேசுகதே முழுசாக் கேக்காது" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு முகம் மாறிவிட்டது. மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டுக்காரர் மேல் அரசாங்க விசாரணை என்று பேச்சு வந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அந்த வாரம் ஹன்னாவும் நானும் தடத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். ரப்பர் தோட்டத்து ஓரம், குளக்கரை, புதுக்கடைச் சந்தை முக்கு, பாலங்கள். கனத்த லாரிகள் பாலத்தில் போகும்போது நின்று பார்த்தோம், எண் அசையவில்லை. ஹன்னா தன் நாட்டுக் கருவிதான் பழுதோ என்று பிரித்து மாட்டினார். தன் தரப்பைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தித் தேட அவர் தயங்கவில்லை. அவரை நான் மதிக்கத் தொடங்கியது அன்றுதான்.

அதுவரை எண்ணைத் தக்கலை முனையில்தான் பார்த்துவந்தோம். வெள்ளிக்கிழமை கடற்கரை எக்சேஞ்சில் வின்சென்டையும் சேர்த்து மூவரும் உட்கார்ந்திருந்தோம். காலை போயிற்று. மதியம் வந்தது. எண் தாழ்ந்தே கிடந்தது. ஹன்னா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்று வெள்ளி. ஏன் ஞாயிறு போல இருக்கிறது?"

நான் அதை வின்சென்டுக்குத் தமிழில் சொன்னேன். அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "இன்னைக்கு எங்க கோயில் திருநாளுல்லா மேடம். ஒரு வள்ளமும் கடல்ல எறங்கல்ல. ஞாயிறும் அப்பிடித்தானே, பூசைக்குப் போவோம், கடலுக்குப் போவமாட்டோம்."

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஹன்னா எழுந்துவிட்டார். "படகு போகாவிட்டால் இந்த ஊரில் வேறு எதெல்லாம் நின்றுபோகும்?"

"ஏலம் நிக்கும்" என்றார் வின்சென்ட். "மீன் வண்டி வராது. ஐஸ் உடைக்கமாட்டாவ..."

பிலோமி அக்காவின் கணவர் மஸ்கட்டிலிருந்து திரும்பிவந்து அந்தக் கட்டடத்தில் தொடங்கிய தொழில் அதுதான். முழு ஐஸ் கட்டியைத் தூக்கிப் போட்டால் நொறுக்கித் தள்ளும் இயந்திரம். அது உட்கார்ந்திருப்பது பின்சுவரை ஒட்டி; நாங்கள் தடம் பார்க்கப் போன நேரத்தில் ஓடாமல் கிடந்தது. சுவருக்கு வெளிப்பக்கம், கடல் வந்த வருடம் நாங்கள் ஆணி அடித்த இரும்புக் குழாய்; இந்த இழையும் அதற்குள்தான்.

சனிக்கிழமை காலை ஹன்னா எக்சேஞ்சில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் ஐஸ் கடையில் நின்றேன். கைபேசியில் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். முதல் வள்ளம் கரையேறியது. பிலோமி அக்கா சுவிட்சைப் போட்டார். சுவர் நடுங்குவது என் உள்ளங்கையில் தெரிந்தது.

"ஏறிவிட்டது!" என்று ஹன்னா கத்தினார்.

"அக்கா, நிறுத்துங்க!"

"இறங்கிவிட்டது!"

"அக்கா, ஓட்டுங்க!"

"ஏறிவிட்டது! ரோஸ்லெட், ஏறிவிட்டது!"

பிலோமி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன மக்கா இது? நான் இஞ்ச ஐஸ் ஒடச்சா அங்க வெள்ளக்காரிக்கு என்ன செய்யுது?"

விளக்கினேன். வெள்ளமாகப் போகும் ஒளிக்கு அந்த நடுக்கம் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் இத்தனை வருடம் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒற்றைத் துகளாகப் போகும்போது அது அந்தத் துகளின் நிலையையே புரட்டிவிடுகிறது. அக்கா கேட்டுவிட்டு, "அப்ப வின்சென்ட் மேல பழி இல்ல, அதானே?" என்றார். "இல்ல அக்கா" என்றேன். "அது போதும்" என்றார்.

பிற்பகலில் ஹென்ரிக்கை அழைத்துவந்தோம். பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கப் போயிருந்தவரைப் பாதியில் கூட்டிவந்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. பிலோமி அக்காதான் அவர் கையைப் பிடித்து சுவிட்சின் மேல் வைத்தார். அவர் போட்டார், அணைத்தார், போட்டார், அணைத்தார். ஒவ்வொரு முறையும் கைபேசியில் ஹன்னாவின் குரல் அவர் மொழியில் பதில் சொன்னது. நாலைந்து முறைக்குப் பிறகு அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். மீன் செதில் ஒட்டிய தரையில் நேரே நடந்து வின்சென்டிடம் போய்க் கை நீட்டினார். "நான் தவறாகச் சந்தேகப்பட்டேன். மன்னியுங்கள்" என்றார். வின்சென்டுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அந்தச் சொற்களுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இனிக் கேபிளைச் சுவரிலிருந்து எடுத்து, சாலையின் எதிர்ப்பக்கம் மண்ணுக்கடியில் ஆழமாகப் பதிக்க வேண்டும். அதற்கு மீன் வண்டிகள் போகும் சாலையைக் குறுக்கே வெட்ட வேண்டும். வேலை நாளில் வெட்டினால் ஊருக்கு நஷ்டம். ஊர்த் தேவாலயத்தின் பங்குப்பேரவையில் போய்ப் பேசினேன். ஞாயிறு பூசை முடிந்ததும் வெட்டிக்கொள்ளலாம், ஆள் வேண்டுமானாலும் தருகிறோம் என்றார்கள். வின்சென்டுக்காகவே பாதி ஊர் மண்வெட்டியோடு வந்தது. ஹன்னாவும் ஒரு மண்வெட்டியை வாங்கிக் கொஞ்ச நேரம் வெட்டினார். மதியம் பிலோமி அக்கா வீட்டு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். இழையை நான் என் கையாலேயே ஒட்டினேன். நான் செய்த இணைப்புகளில் ஒளி இழப்பு இவ்வளவு குறைவாக இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் நீண்டது. அடுத்த கட்டத்தில் அவர்கள் நகரத்தின் ஒரு தடத்தை நம் ஆட்கள் வந்து பார்க்க வேண்டும் என்று அவர்களே எழுதிக் கேட்டார்கள். வின்சென்டும் நானும் போனோம். கம்பளிக் கோட்டுக்குள் முடங்கிக்கொண்டு அவர்கள் ஊர் டிராம் தண்டவாளத்தின் ஓரமாக நடந்தோம். நடுக்கம் எங்கே தொற்றுகிறது என்று தேடுகிற முறையை இரண்டு நாடும் சேர்ந்தே வகுத்தன. வின்சென்டின் மகள் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

கையெழுத்து நாளைத்தான் கடைசியாகச் சொல்ல நினைத்தேன். ஐஸ் கடையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே இருந்த கடற்கரை எக்சேஞ்சின் சிறிய அறையில் இரு நாட்டு அதிகாரிகளும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தக்கலையிலிருந்து ரகசியச் சாவியால் பூட்டிய ஒரு செய்தி வந்தது. இங்கே சரியாகத் திறந்தது. எண் தாழ்ந்து நின்றது. டெல்லி அதிகாரி பேனாவை எடுத்தார். ஹென்ரிக் கை காட்டி நிறுத்தினார்.

"அந்த அம்மாவை மெஷின் ஓட்டச் சொல்லுங்கள். அது ஓடும்போதுதான் நான் கையெழுத்துப் போடுவேன்."

நான் போய்க் கேட்டேன். பிலோமி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "மீனு வராம ஐஸ ஒடச்சு வச்சா உருகிப்போவும்லா மக்கா? வள்ளம் வரட்டும். அவங்கள இருக்கச் சொல்லு."

வந்து சொன்னேன். சிவதாணு சார் சிரிப்பை அடக்கக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹென்ரிக் தலையாட்டி, "இருக்கிறோம்" என்றார். பிளாஸ்டிக் நாற்காலிகளை வெளியே போட்டோம். பால் சேர்க்காத கட்டன் சாயா வந்தது. இரண்டு அரசாங்கங்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்து சாளை மீனுக்காகக் காத்திருந்தன.

வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் நிறைபாடு, வலைகொள்ளாத மீன். கரை முழுக்கக் கூச்சல். ஐஸ் கட்டிகள் விழும் சத்தம் கேட்டது; மெஷின் உறுமத் தொடங்கியது. எல்லாரும் உள்ளே ஓடினோம். ஹன்னா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. திரையைப் பார்த்தோம். எண் அசையவில்லை. மெஷின் இன்னும் வேகமெடுத்தது. ஜன்னல் கண்ணாடிகூட அதிர்ந்தது. எண் அசையவில்லை.

ஹென்ரிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை டெல்லி அதிகாரியிடம் கொடுத்தார். அவரும் போட்டார். எழுந்து நின்று ஏதோ வாழ்த்துச் சொன்னார்கள். அந்த இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நாங்கள் கை தட்டியதும் கேட்கவில்லை. அறை முழுக்கக் கைகள் அடித்துக்கொண்டே இருப்பது மட்டும் தெரிந்தது.